சீட்டு இல்லாத கூஜா

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் கோயிலில் கிளி கோபுரத்தை ஒட்டிய மண்டபத்தில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு மங்கையைப் பிடித்துப்போயிற்று. ஜாதகமும் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை கோபி கீழ்பென்னாத்தூரில் மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிறவன். புறப்படுகிற நேரத்தில் மங்கையின் அப்பாவை அவன் வாய் நிறைய "மாமா" என்று கூப்பிட்டுவிட்டுப் போனான். அந்த ஒரு வார்த்தையை மங்கை ஒரு வாரமாக மனசுக்குள்ளேயே வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள். ஆனால் கோபியின் அம்மா தங்கம்மாள் கிளம்பும்போது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாள்.

"பவுர்ணமிக்கு மறுநாள் வூட்டுக்கு வர்றோம். கை நனைச்சிட்டு, தேதி குறிச்சிட்டுப் போறோம்."

கை நனைப்பது என்றால் சும்மா இல்லை. சம்பந்தம் பேசுகிற வீட்டில், மனசு முழுசாகச் சம்மதிக்கிற வரைக்கும் இந்தப் பக்கத்து ஜனங்கள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். வெயிலில் நாக்கு வறண்டு வந்திருந்தாலும், "இப்பத்தான் குடிச்சோம்" என்று சாதித்துவிடுவார்கள். சம்மதம் என்றால் வந்தவர்களில் பெரியவர் தண்ணீரை வாங்கி ஒரு வாய் குடிப்பார். அதற்குப் பிறகுதான் இலை, சாப்பாடு, தேதி எல்லாம். அந்த ஒரு வாய்த் தண்ணீருக்குப் பிறகு பேச்சு மாறுகிற வழக்கம் கிடையாது.

வேறு பெண்ணாக இருந்தால் சந்தோஷத்தில் குதித்திருப்பாள். மங்கைக்குக் குதிக்கத் தோன்றவில்லை. காரணம், அவள் வீடு.

மத்தலாங்குளத் தெருவிலிருந்த அந்த வீட்டுக்குள் வெளியாள் நுழைந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. அப்பா அப்பாதுரைக்குத் தேரடித் தெருவில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை. மேனேஜர் என்றால் சாவியைக் கொடுத்துச் சாவியை வாங்குகிறவர், அவ்வளவுதான். பவுர்ணமிக்குப் பவுர்ணமி மலை சுற்ற வருகிற ஜனம் ரூமைக் காலி செய்கிற அவசரத்தில் எதையாவது மறந்துவிட்டுப் போகும். குடை, டார்ச் லைட், பிளாஸ்க், ஸ்வெட்டர், மூக்குக் கண்ணாடி, குழந்தையின் ஒற்றை ஷூ. ஒருதரம் ஒரு பல்செட்டுகூட. அந்த மனுஷர் ஊர்போய்ச் சேர்ந்து எதைக் கடித்துச் சாப்பிட்டாரோ, பாவம். ஒரு மாசம் பார்த்துவிட்டுக் குப்பையில் போடச் சொல்லி லாட்ஜ் முதலாளியின் உத்தரவு. அப்பாதுரைக்கு மனசு வராது. நாளைக்கு வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்பார். சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

கொண்டுவந்ததோடு விடமாட்டார். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்னதாகக் கத்தரித்து, அதில் ரூம் நம்பரும் தேதியும் எழுதி, ஒவ்வொரு சாமானிலும் நூல் கோத்துக் கட்டிவைப்பார். வீட்டில் அதற்குப் பெயர் சீட்டு. சீட்டுக் கட்டிய சாமானை எவரும் எடுத்துப் புழங்கக்கூடாது. அப்பாதுரை அந்த வீட்டில் போட்ட ஒரே சட்டம் அதுதான். வீடு நிறையக் குடைகளை வைத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி பள்ளிக்கூடம் போனவள் மங்கை.

முதலில் ஒரு அலமாரிதான் நிரம்பியது. அப்புறம் பரண், அப்புறம் கூடத்தில் பாதி. அம்மா உண்ணாமலை சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கடைசியில் தன் வீட்டுக்குள்ளேயே பக்கவாட்டில் நடக்கக் கற்றுக்கொண்டாள்.

அந்த வீட்டை நினைத்து மங்கை பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. கூட வேலை பார்க்கிற யமுனா ஒருநாள் வீட்டுக்கு வந்தே தீருவேன் என்று நின்றபோது மங்கை என்ன செய்தாள் தெரியுமா? முன்னாலேயே ஓடிவந்து வாசலில் வேப்பிலை சொருகிவைத்தாள். வேப்பிலை தொங்கினால் உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம், ஒருவரும் படியேறமாட்டார்கள். யமுனா தெருவிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப்போனாள். மாரியாத்தாளைக் காவலுக்கு நிறுத்திச் சொந்த வீட்டை மறைத்தவள் ஊரிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வரப்போகிற மாமியாருக்கு வேப்பிலை காட்ட முடியாதே.

பவுர்ணமி என்றால் அப்பாதுரைக்கு இரண்டு நாள் லாட்ஜிலேயே ஜாகை. இதை விட்டால் நேரம் இல்லை என்று மங்கை கடைக்கு லீவு சொல்லிவிட்டாள். பெண்களுக்கான பத்திரிகை ஒன்றில் வீட்டை ஒழுங்குபடுத்த யோசனை போட்டிருந்தார்கள். நம் பத்திரிகை இல்லை, அதனால் பழி நமக்கு வராது. எல்லாச் சாமானையும் மூன்றாகப் பிரிக்க வேண்டுமாம். வைத்துக்கொள்வது ஒன்று, கொடுப்பது ஒன்று, எறிவது ஒன்று. ஒரு வருஷமாகக் கைபடாத பொருள் உனக்கு வேண்டாத பொருளாம். மங்கைக்கு அது வேதவாக்காகப் பட்டது. அந்தப் பொருள் முதலில் உன்னுடையதுதானா என்று அந்தப் பத்திரிகையில் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது.

அப்பா வந்தால் என்ன சொல்வாரோ என்று உண்ணாமலை இழுத்தாள். வருகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனால் மட்டும் அப்பாவா பதில் சொல்லப்போகிறார் என்று மங்கை ஒரே போடாகப் போட்டாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அம்மாவும் இறங்கிவிட்டாள்.

முதல் காரியமாக மங்கை கத்தரிக்கோலை எடுத்தாள். சீட்டும் நூலுமாகத் தொங்கிக்கொண்டு வீடு ரயில்வே பார்சல் ஆபீஸ் மாதிரி இருந்தது அவளுக்கு எரிச்சல். ஒவ்வொன்றாக நறுக்கி முறத்தில் போட்டாள். ஒடிந்த குடைகளையும் செருப்புகளையும் பழைய பேப்பர்காரன் அள்ளிக்கொண்டு போனான். நல்ல ஜமக்காளம் ஒன்று கூடத்துக்கு விரிப்பாயிற்று. மிச்சத்தையெல்லாம் உள் அறையில் திணித்து, தோளைக் கொடுத்துக் கதவைச் சாத்தி, பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினார்கள். கூடத்தின் தரையில் பூ வேலை செய்த சிமெண்ட் போட்டிருப்பதே அன்றைக்குத்தான் மங்கைக்குத் தெரியவந்தது.

பரணின் மூலையில், வெள்ளைத் துண்டில் தனியாகச் சுற்றி, ஒரு பித்தளைக் கூஜா இருந்தது. கனமான பழங்காலத்துக் கூஜா. கைப்பிடி, திருகு மூடி, மூடியே தண்ணீர் குடிக்கிற கிண்ணம். மற்றச் சீட்டுகளில் நம்பரும் தேதியும் மட்டும் இருக்க, இதில் கூடவே இரண்டு வார்த்தை எழுதியிருந்தது. "9-ம் ரூம். பெரியவர். உடம்பு சரியில்லாமல் போனவர்."

மங்கை அதைப் படித்தாள். ஒரு நிமிஷம் கை தயங்கியது. பிறகு நறுக்கினாள்.

புளி போட்டுத் தேய்த்ததும் கூஜா பளபளவென்று வந்தது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. தங்கம். பக்கத்தில் ஒரு சின்னக் கிளி. அம்மாவும் பெண்ணும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். மாமியார் பெயர் போட்ட கூஜா நம் வீட்டிலேயே இருக்கிறதே, இதில் தண்ணீர் கொடுத்தால் அந்த அம்மாள் குளிர்ந்துபோக மாட்டாளா என்று மங்கைதான் முதலில் சொன்னாள். அப்பாவின் சட்டம் நினைவுக்கு வராமல் இல்லை. ஒருநாள் புழங்கினால் தேய்ந்தா போய்விடும் என்று அதை மடக்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் முறத்திலிருந்த சீட்டுகளைத்தான் வெந்நீர் அடுப்புக்குப் போட்டுப் பற்றவைத்தாள்.

அப்பாதுரை வந்தபோது கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தவர், வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமா என்று ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு மெதுவாக நுழைந்து, நாலு பக்கமும் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சீட்டெல்லாம் எங்கம்மா?" என்றார்.

"அடுப்புல போட்டுட்டேன்பா."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் மங்கைக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் உட்கார்ந்த விதம்தான் அவளை உசுப்பிவிட்டது. "இது நம்ம வீடாப்பா? ஊரான் குப்பைக்கு நடுவுல ஒண்டிக் குடியிருக்கோம். உங்களால யாரையாவது வீட்டுக்குள்ள கூப்பிட்டிருக்கேனா நான்?" என்று கொட்டித் தீர்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் அப்பாவிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. அப்பாதுரை தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். அந்த வெந்நீரில்தான் குளித்தார்.

பத்து மணிக்கு வேன் வந்தது. தங்கம்மாள், கோபி, தங்கம்மாளின் அண்ணன் முருகையன். வெளியே பவுர்ணமிக் கூட்டம் போட்டுவிட்டுப் போன குப்பை தெருவெங்கும் கிடக்க, வீட்டுக்குள் நுழைந்த தங்கம்மாளின் முகம் மலர்ந்தது.

"வூட்டை நல்லாப் பளிச்சுனு வெச்சிருக்கீங்க. எங்க வூட்ல சாமான் ஜாஸ்தி, கால் வைக்க இடம் இருக்காது" என்றாள் உண்ணாமலையிடம். உண்ணாமலை வெட்கத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளே நின்று கேட்ட மங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாதுரை மட்டும் நாற்காலியின் நுனியில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் மணிலாக்கொட்டைப் பயிரைப் பற்றியும் பேச்சு நடந்தது. பிறகு தங்கம்மாள் தன் அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். "தண்ணி கொண்டாம்மா" என்றாள் அவள் உள்பக்கம் திரும்பி.

மங்கை தட்டில் கூஜாவை வைத்து எடுத்துவந்தாள். அதைப் பார்த்ததும் அப்பாதுரை நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். அதற்குள் தங்கம்மாள் கூஜாவைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அட, என் பேரை வெட்டி வெச்சிருக்கியே. கெட்டிக்காரிதான்" என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திருகி அதில் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போது அவள் கண்ணில் கிளி பட்டது. கை நின்றது. கட்டைவிரல் தானாகக் கூஜாவின் கழுத்துக்குப் பின்புறம் போய், அங்கே இருந்த நெளிவைத் தடவிப் பார்த்தது. நிரப்பிய மூடியைக் குடிக்காமல் தட்டில் வைத்தாள்.

"இந்தக் கிளி எங்கப்பா போடச் சொன்னது" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "என் கல்யாணத்துக்குச் சீர் வெச்ச கூஜா இது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்க வூட்டுக்காரர் ஊர்க்காரங்களோட மலை சுத்த வந்தாரு, இதுல தண்ணி எடுத்துக்கினு. நெஞ்சை வலிக்குதுனு அவரு மட்டும் லாட்ஜுல தங்கிட்டாராம். மத்தவங்க சுத்தப் போயிட்டாங்க. அப்புறம் ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்கன்னாங்க. கூட்டத்துல ஆட்டோ நகரல. போறதுக்குள்ளயே உசுரு போயிடுச்சு."

அப்பாதுரை தரையில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரியம் முடிஞ்சதும் அந்த லாட்ஜுக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். அப்படி ஒண்ணுமே இல்லைனு சொல்லியனுப்பினாங்க." தங்கம்மாள் அப்பாதுரையை நிமிர்ந்து பார்த்தாள். "அது உங்க லாட்ஜா?"

அப்பாதுரை ஆமாம் என்று தலையசைத்தார்.

முருகையன் எழுந்துவிட்டார். பூட்டிய கதவுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்வெட்டரின் கை பிதுங்கிக்கொண்டிருந்தது. அதையும் அப்பாதுரையையும் மாறி மாறிப் பார்த்தவர், லாட்ஜில் விட்டதையெல்லாம் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிற பழக்கமா என்று கேட்டார். அந்த அறையைத் திறக்கச் சொன்னார்.

உண்ணாமலை பயத்தோடு கணவனின் கையைப் பிடித்தாள். அவர் மெதுவாக அதை விடுவித்துக்கொண்டு, ஆணியிலிருந்த சாவியைத் தானே எடுத்து, தானே திறந்தார். உள்ளே அடைத்தது பொலபொலவென்று வெளியே சரிந்தது. பிளாஸ்க், பைகள், கம்பளி, கண்ணாடிக் கூடுகள். ஒரு குழந்தையின் ஒற்றை ஷூ உருண்டுவந்து தங்கம்மாளின் காலடியில் நின்றது.

சீட்டோடு இருந்திருந்தால் அது ஒரு மனுஷன் பத்திரப்படுத்திய சாமான். சீட்டைப் பிய்த்தபிறகு பார்க்கிறவர்களுக்கு அது திருட்டுச் சாமான், வேறென்ன. மங்கைக்கு அது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

அப்பா இப்போது சொல்லிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டியிருந்தேன், என் பெண்தான் நறுக்கிப் போட்டாள், இதில் தண்ணீர் கொடுக்கச் சொன்னது நான் இல்லை. மூன்று வாக்கியம். அப்பாதுரை அந்த மூன்றையும் சொல்லவில்லை.

"உங்களுதுதாம்மா. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் கைகூப்பி.

மங்கையும் வாயைத் திறக்கவில்லை. எதிரே கோபி நின்றுகொண்டிருந்தான். அடுத்தவர் பொருள் என்று தெரிந்தே தட்டில் வைத்தவள் நான் என்று அவன் முன்னால் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. எல்லாம் உடைந்துபோன பிறகும் தன் பெயர் மட்டும் உடையாமல் இருக்கட்டும் என்று அவள் மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது. அந்த மூலையைப் பார்த்து அவளுக்கே கூசியது.

தங்கம்மாள் கூஜாவிலிருந்த தண்ணீரை முற்றத்தில் கவிழ்த்துக் கொட்டினாள். வெறும் கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். கோபி வாசலில் திரும்பி, "வர்றோம், சார்" என்றான். போன வாரத்து மாமா இந்த வாரம் சார் ஆகிவிட்டார்.

வீட்டுக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. உண்ணாமலை அடுப்படியில் போய்ச் சுவரோடு உட்கார்ந்து அழுதாள். வடையும் பாயசமும் மூடிவைத்தது வைத்தபடி இருந்தன. அப்பாதுரை குத்துக்காலிட்டு, சரிந்து கிடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்த ரூம் என்று நினைவுபடுத்திக்கொண்டே வரிசையாக வைக்க ஆரம்பித்தார். சிலவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நினைவு வரவில்லை. கிழவர்கள் யாராவது திரும்பி வந்து கேட்டால் கொடுக்க ஒரு ஊன்றுகோல் இருந்ததே என்று தனக்குத்தானே தேடினார். அது பழைய பேப்பர்காரனோடு போய்விட்டது என்று மங்கைக்குத் தெரியும். அவளால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

நல்லகாலமோ கெட்டகாலமோ, வேன் தெருமுனையைத் தாண்டியிருக்கவில்லை. கிரிவலக் குப்பையை அள்ள வந்த முனிசிபாலிட்டி டிராக்டர் குறுக்கே நின்றிருந்தது. ஜனங்கள் விட்டுப்போன செருப்புகளை மண்வெட்டியால் வாரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. மங்கை வேனின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா மேல தப்பு இல்லைங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "எல்லாத்துலயும் சீட்டுக் கட்டி வெச்சிருந்தாரு, யாராவது வந்து கேட்டா கொடுக்கணும்னு. நான்தான் வீடு அசிங்கமா இருக்குனு நறுக்கி அடுப்புல போட்டேன். அடுத்தவங்க பொருள்னு தெரிஞ்சேதான் உங்க முன்னாடி கொண்டாந்து வெச்சேன். உங்க பேர் இருந்துது, பாத்தா சந்தோஷப்படுவீங்கனு வெச்சேன். எங்கப்பா அதுல ஒரு நாள்கூட வாய் வெச்சதில்லைங்க."

எதிர்வீட்டு வாசலிலிருந்து யாரோ ஐயோ என்றார்கள். முருகையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கம்மாள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"சீட்டுல இன்னா எழுதியிருந்துது?"

"ஒன்பதாம் ரூம். பெரியவர். உடம்பு சரியில்லாமல் போனவர்."

"திருப்பிச் சொல்லு."

மங்கை திருப்பிச் சொன்னாள். இந்தத் தடவை அவளுக்கே அது வேறு மாதிரி கேட்டது. நேற்று பரணில் நின்று நறுக்கியபோது அது ஒரு துண்டு அட்டை. இப்போது எதிரே உட்கார்ந்திருக்கிறவளின் புருஷன்.

தங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டிராக்டர் நகர்ந்தது. வேன் புறப்பட்டது. கம்பியைப் பிடித்திருந்த கையை மங்கை எடுத்துவிட்டாள்.

வெறுங்காலோடு தெரு முழுக்க நடந்துதான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஜோடிக் கண். இத்தனை வருஷம் மறைத்த வீடு கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே சரிந்து கிடந்த சாமான் தெருவிலிருந்தே தெரிந்தது. மங்கை கதவைச் சாத்தவில்லை. இனி எதை மறைக்க? அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பழைய பத்திரிகை ஒன்றை எடுத்துச் சீட்டு கத்தரிக்க ஆரம்பித்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அப்பாதுரை நூல்கண்டை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. கோபி. நடந்து வந்திருக்கிறான், சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"வேன் பஸ் ஸ்டாண்டுகிட்ட நிக்குது. கூஜா மூடி இங்கயே நின்னுபோச்சுனு அம்மா அனுப்பினாங்க" என்றான்.

தட்டு போட்டது போட்டபடி இருந்தது. மூடியில் தங்கம்மாள் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது. மங்கை அதைக் கொட்டக் கையில் எடுத்தாள்.

"கொட்டாதீங்க" என்று கோபி கையை நீட்டி மூடியை வாங்கிக்கொண்டான். பிறகு அப்பாதுரையைப் பார்த்து, தணிந்த குரலில் பேசினான். "மாமா, அம்மா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. எங்கப்பா கடைசியா யார்கிட்ட இருந்தாரு, என்ன பேசினாருனு இத்தனை வருஷமா எங்களுக்குத் தெரியாது. உடம்பு சரியில்லைனு எழுதி வெச்ச மனுஷன் கிட்டயேதான் இருந்திருக்கணும், அப்பா ஒரு வார்த்தையாவது பேசினாரானு கேளுனாங்க. பதிலை வாங்கிட்டு, இந்தத் தண்ணியைக் குடிச்சிட்டு வான்னாங்க."

அடுப்படியில் உண்ணாமலையின் அழுகை நின்றது. மங்கைக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. கை நனைக்கச் சொல்லிவிட்டாள் தங்கம்மாள். மாமா என்கிற வார்த்தை திரும்பி வந்துவிட்டது.

அவள் சந்தோஷத்தோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். திருடன் என்று சொல்லாமல் சொன்னபோதுகூட நிமிர்ந்து நின்று சாவியை எடுத்தவர், இப்போது முகமெல்லாம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த ஒற்றை ஷூவைக் கீழே வைத்தார்.

"பேசினாரு, தம்பி" என்றார் அப்பாதுரை. "கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போறேன், இப்ப என்னை ரூமை விட்டு இறக்காதீங்கனு சொன்னாரு."

கோபி மூடியை உதட்டருகே கொண்டுபோயிருந்தான்.

"லாட்ஜுல ஒண்ணு ஆயிட்டா பேர் கெட்டுடும்னு முதலாளி சொன்னாரு. நான்தான் ரூம் பையனை வெச்சுத் தூக்கி ஆட்டோவுல ஏத்தினேன். அந்தக் கூட்டத்துல ஆட்டோ நகராதுனு எனக்குத் தெரியும். கூஜாவைக் கேட்டு ஆள் வந்தப்ப, இல்லைனு சொன்னதும் நான்தான். கொடுத்திருந்தா, என்ன ஆச்சுனு கேட்டிருப்பாங்க."

அப்பாதுரை தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மூடி கோபியின் உதட்டுக்குக் கிட்டேயே நின்றது. அவன் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அப்பாவைப் பார்ப்பதா அந்த மூடியைப் பார்ப்பதா என்று தெரியாமல் மங்கை கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள்.